7 கிழமைப் பிள்ளைக்குத் தலையைத் தொட்டுச் செய்யும் தெரப்பி: கூட்டிக்கொண்டு போகலாமா?

கொழுந்து_மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளை தூங்கும் நேரத்தில் துண்டு துண்டாக எழுதியது, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு இன்றோடு 7 கிழமை. பிரசவம் லேசில் நடக்கவில்லை, கடைசியில் தலையில் வெக்கும் (உறிஞ்சி இழுக்கும் கருவி) போட்டுத்தான் எடுத்தார்கள். தலையில் ஒரு வீக்கம் இருந்து நாலைந்து நாளில் வற்றிவிட்டது. பால் நன்றாகக் குடிக்கிறான், நிறையும் ஏறுகிறது. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரை வரைக்கும் ஒரே கத்தல், காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

மாமியார் "உரம் விழுந்திருக்கு, எடுக்கணும்" என்கிறார், அதாவது எங்கோ சதை பிடித்துக்கொண்டதாம். கீழ் டிவிஷனில் ஒரு பாட்டி பிள்ளையைச் சேலையில் போட்டு இரண்டு பக்கமும் ஆள் பிடித்து உருட்டி எடுப்பாராம். எங்கள் அம்மா கண்ணூறு என்கிறார். என் வீட்டுக்காரர் எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். அங்கே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு அம்மா கிரேனியோசேக்ரல் தெரப்பி என்று செய்கிறாராம். தலையோட்டையும் முதுகின் அடியையும் மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருப்பாராம், பிரசவத்தில் பட்ட அதிர்ச்சி பிள்ளையின் உடம்பில் தங்கிவிட்டது, அதை வெளியே எடுக்க வேண்டும் என்கிறாராம். 4 தடவை வர வேண்டும், ஒரு தடவைக்கு 8,000 ரூபா. தாய்க்கும் உடம்பு வழியாகச் செய்யும் மனச் சிகிச்சை என்று ஒன்று உண்டாம், அதற்கு வேறு காசு. 32,000 ரூபா என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. போன மழைக்கு எங்கள் லயத்துக்கு மேலே பாதையோரம் மண் சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது வயிற்றில் 5 மாதம். இப்போது தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு இறுகிவிடுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன், காலையில் தாடை வலிக்கிறது. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சில நேரம் அவன் அழும்போது எழும்பி ஓடிவிடலாமா என்று தோன்றுகிறது. இந்தத் தெரப்பி எல்லாம் உண்மையா, ஏமாற்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா_மச்சான்:

தலையைத் தொட 8,000 ரூபாவா? எங்கள் பாட்டி வெற்றிலை பாக்குக்கே செய்தது. உரம்தான் தங்கச்சி, மாமியார் சொல்வதைக் கேளுங்கள். என்னையும் அப்படித்தான் உருட்டி எடுத்தார்களாம், நன்றாகத்தானே இருக்கிறேன் 😄

பிசியோ_தலவாக்கலை:

தங்கச்சி, நான் இயன்மருத்துவராக 14 வருசமாக வேலை செய்கிறேன், அதனால் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். (மச்சான், நீங்கள் நன்றாக இருப்பது உருட்டியதாலா, உருட்டியும் தப்பியதாலா என்று யோசித்துப் பாருங்கள்.)

கிரேனியோசேக்ரல் என்பது அமெரிக்காவில் எலும்பையும் தசையையும் கையால் பிடித்துச் சீராக்கும் ஒஸ்டியோபதி என்ற முறையிலிருந்து கிளைத்தது. வில்லியம் சதர்லண்ட் என்பவர் படிக்கிற காலத்தில், 1899 வாக்கில், பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். பொட்டெலும்பின் ஓரம் மீனின் செவுள் மாதிரிச் சரிவாக இருக்கிறதே, அப்படியென்றால் இது அசைவதற்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று அவருக்கு ஒரு எண்ணம். அதிலிருந்து கிளம்பியதுதான் எல்லாம். பிறகு 1970களில் ஜோன் அப்லெட்ஜர் அதை எடுத்து, 1985இல் புளோரிடாவில் நிறுவனம் தொடங்கி, டொக்டர் இல்லாதவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மூளையைச் சுற்றியுள்ள நீருக்கு ஒரு தாளம் இருக்கிறது, அதைக் கையால் உணரலாம், தடைப்பட்ட இடத்தில் 5 கிராம் பாரத்துக்கு மேல் அழுத்தாமல் தொட்டால் சரியாகும் என்பது அவர் கணக்கு. 5 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டிச் சீனி.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஒரே ஆளை இரண்டு தெரப்பிஸ்ட்கள் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்து அந்தத் தாளத்தை எண்ணினால் இருவர் கணக்கும் ஒத்துவருவதில்லை. இதைப் பல தடவை சோதித்துவிட்டார்கள். நாடி பிடித்தால் நானும் நீங்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தானே சொல்வோம்? அது இங்கே நடப்பதில்லை. பச்சைப் பிள்ளையின் மண்டை எலும்பு அசையும் என்பது உண்மைதான், பிரசவத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் வெளியே வருகிறது. ஆனால் அது சில நாளில் தானாக இடத்துக்கு வந்துவிடும். உங்கள் மகனின் வீக்கமும் அப்படித்தான் வற்றியது, யாரும் எடுக்கவில்லை.

பிள்ளை அழுகைக்குக் கைவைத்தியம் உதவுமா என்று 2012இல் மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 325 குழந்தைகள், பெரும்பாலும் முதுகெலும்பைப் பிடித்துவிடும் முறைகள். அழுகை குறைந்தது என்று பெற்றோர் குறித்திருந்தார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்கே தெரியாமல் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அந்த வித்தியாசத்தை நம்பிச் சொல்ல முடியவில்லை. காசு கட்டி, பஸ் ஏறி, ஒருவர் பொறுமையாக நம் பிள்ளையைத் தொடுவதைப் பார்த்துவிட்டு வந்தால் நமக்கே அன்று இரவு கொஞ்சம் லேசாக இருக்கும், பிள்ளை அழுவதும் குறைவாகக் கேட்கும். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த லேசு உண்மையானது, அதற்கு 32,000 வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அந்த அம்மா 5 கிராம் மட்டும்தான் தொடுகிறார் என்றால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தை வளைத்தாலோ, தலையைக் கீழே தொங்கவிட்டாலோ, உச்சிக்குழியை அழுத்தினாலோ அந்த நிமிடமே பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். "ஊசி போடாதே, டொக்டரிடம் போகாதே" என்று சொல்லுகிற எந்தத் தெரப்பிஸ்டும் வேண்டாம். இங்கே பிசியோ என்றால் மருத்துவ சபையில் பதிவு இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். இந்தத் தெரப்பிக்கு அப்படி ஒரு பதிவைப் பார்த்து உறுதிப்படுத்த வழியில்லை, சான்றிதழ் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

பழைய_மருத்துவிச்சி:

மகள், 31 வருசம் தோட்டம் தோட்டமாக நடந்தவள் நான், முழங்கால் போனதே அதில்தான்.

முதலில் உருட்டுகிற கதை. வேண்டாம். அந்தப் பாட்டியின் கை நல்ல கையாகவே இருக்கலாம், நான் அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் 7 கிழமைப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. சேலையில் உருளும்போது தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போனால் என்ன ஆகும் என்று சொல்லிப் பயம் காட்ட விருப்பமில்லை. மாமியாரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். "மருத்துவிச்சி மிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று பழியை என் தலையில் போடுங்கள், நான் எத்தனையோ மாமியாரைப் பார்த்தவள்.

இந்த அழுகை இரண்டாம் கிழமையளவில் தொடங்கும், ஆறாம் கிழமையில் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். 1954இல் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ஒரு கணக்குச் சொன்னார்: நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை ஒரு நாளைக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல், கிழமையில் 3 நாளுக்கு மேல், 3 கிழமைக்கு மேல் அழுதால் அது கோலிக். உங்கள் மகன் அந்தக் கணக்கில் அச்சாக விழுகிறான். இப்போது யோசித்துப் பாருங்கள், 7ஆம் கிழமையில் உரம் எடுத்தாலும், மந்திரித்தாலும், எல்ல வரை போய்த் தலையைத் தொட்டாலும், 12ஆம் கிழமையில் அழுகை நின்றுவிடும். பேர் யாருக்குப் போகும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நானே எத்தனையோ வீட்டில் அப்படிப் பேர் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் கை வைப்பதே வீண் என்று சொல்ல மாட்டேன். கொலம்பியாவில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டி வைத்தார்கள், கங்காரு முறை என்று இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்கிறார்கள், நம் வைத்தியசாலைகளிலும் செய்கிறோம். அதற்கு ஆதாரம் நிறைய உண்டு. அதற்குக் காசும் வேண்டாம். ஐந்தரை மணிக்கே, கத்தல் தொடங்கும் முன்னாலேயே, சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு போட்டுக் கம்பளியால் மூடிக்கொண்டு உட்காருங்கள், பிள்ளையின் முகம் முழுக்க வெளியே இருக்கட்டும், உங்களுக்குத் தூக்கம் வந்தால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் லீவில் வந்தால் அவர் நெஞ்சிலும் போடலாம், ஆம்பிளைகளுக்கும் நெஞ்சு இருக்கிறது.

தடவுவதென்றால் மெதுவாக. தோலில் மெல்லிய தொடுகைக்கென்றே ஒரு வகை நரம்பு இருக்கிறது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்குப் பிடித்த வேகம் செக்கனுக்கு 3 சென்டிமீற்றர் அளவு. அதாவது தோளிலிருந்து கைமணிக்கட்டு வரை வர நாலைந்து செக்கன். யாரும் சொல்லாமலே தாய்மார் அந்த வேகத்தில்தான் தடவுகிறார்கள், நான் பார்த்தவரைக்கும் பாட்டிமார்தான் அவசரப்பட்டு அரைப்பார்கள். மூக்கில் காதில் எண்ணெய் விடாதீர்கள், மூக்கைப் பிடித்து உருவாதீர்கள், ஓமத் தண்ணீர் வேண்டாம், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். முகம் திருப்பினால், விரலை விரித்தால், விக்கல் எடுத்தால் அவனுக்குப் போதும் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல் 38 பாகை அல்லது அதற்கு மேல், பச்சை நிறத்தில் வாந்தி, பால் குடிக்க மறுப்பு, மலத்தில் இரத்தம், உச்சிக்குழி புடைப்பு, வழக்கமில்லாத கீச்சென்ற அழுகை, சோர்ந்து துவண்டு போதல், இதில் ஒன்று இருந்தாலும் கோலிக் என்று வீட்டில் வைத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். மழையில் பாதை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, விடியும் வரைக்கும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. எல்லோரும் பிள்ளைக்கே பதில் எழுதுகிறார்கள். எனக்குப் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை, உங்களைப் பற்றித்தான். பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை நாங்கள் சும்மா விடுவதில்லை. பிரசவித்த பெண்களில் 13 சதவீதம் பேருக்கு மனநிலை பாதிக்கப்படுகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு, என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியென்றால் உங்கள் லயத்திலேயே இதுக்கு முன் யாரோ பட்டிருப்பார்கள், சொல்லியிருக்க மாட்டார்கள். தாய்மாரின் மனச்சோர்வைப் பார்க்க எடின்பரோ என்று 10 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் மருத்துவிச்சியிடம் அதைக் கேளுங்கள், ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்றும் அவரிடமே கேளுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள், தமிழில் பேச ஆள் கேளுங்கள். எழும்பி ஓட வேண்டும் போல இருந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வாசலில் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால்தான் ஆகும்.

கொஸ்லாந்தைக்காரன்:

மிஸ் சொன்னதற்குப் பிறகு எழுத யோசித்தேன், ஆனாலும் தகரத்தில் மழை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை அக்கா.

நான் கொஸ்லாந்தையில் மீரியபெத்த தோட்டத்துப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து வந்தபோது எனக்கு 17 வயது, ஸ்கூலுக்குப் போயிருந்தேன். மிச்சத்தை எழுதவில்லை. பிறகு கொழும்பில் கடையில் வேலை, அங்கே மழை பெய்தால் கல்லாவில் நிற்கும்போதே கால் இரண்டும் மரத்துவிடும். மூளைக்குத் தெரியும், கொழும்பில் மலையே இல்லை. காலுக்குத் தெரியாது.

கவுன்சலிங் போனேன். பேசச் சொன்னார்கள், பேசினேன், பேசிப் பேசி அந்தக் கதை மனப்பாடமாகிவிட்டது, கால் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு அக்கா கிடைத்தார், அவர் முறையாக மனவியல் படித்தவர், அதோடு உடம்பு வழியாகச் செய்கிற முறையும் பயின்றவர். முதல் மூன்று தடவை என்னைத் தொடவே இல்லை. "அன்று என்ன நடந்தது" என்றும் கேட்கவில்லை. "இப்போது கால் எப்படி இருக்கிறது, பாதம் தரையில் படுவது தெரிகிறதா, மூச்சு எதுவரை போகிறது" இப்படியே. எனக்குக் கோபம்கூட வந்தது, இதற்கா காசு என்று. நாலாவது தடவை மழைச் சத்தத்தைப் போனில் கொஞ்சமாக வைத்துவிட்டு, கால் என்ன செய்ய விரும்புகிறது என்று கேட்டார். ஓட, என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக, ஒரு பாதத்தை மாற்றி ஒரு பாதம் அழுத்தச் சொன்னார். உடம்பு முழுக்க நடுங்கியது, பிறகு வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது, எனக்கு வெட்கம். அவருக்கு ஒரே சந்தோசம்!

பிறகுதான் தேடிப் படித்தேன். கெர்தா போயசன் என்று நோர்வேக்காரி ஒருவர், மனவியலும் பிசியோவும் இரண்டும் படித்தவர், மசாஜ் செய்யும்போது நோயாளியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பாராம். வயிறு உறுமினால் மனதிலுள்ளதும் சீரணமாகிறது என்பது அவர் நம்பிக்கை. (அதெல்லாம் சரியா என்று பிசியோ அண்ணன்தான் சொல்ல வேண்டும், எனக்கு அன்று பசியாகவும் இருந்தது.) இந்த வழிக்கெல்லாம் மூலம் வில்ஹெல்ம் ரைஷ், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் மாணவர். அடக்கிய உணர்ச்சி தாடையிலும் நெஞ்சிலும் இடுப்பிலும் கவசம் மாதிரி இறுகி நிற்கிறது என்று 1930களிலேயே எழுதியவர். பிற்காலத்தில் ஏதோ பிரபஞ்ச சக்தியைப் பெட்டியில் பிடிக்கிறேன் என்று போய் 1957இல் சிறையில் செத்தார், அது வேறு கதை. அவருடைய மகள் ஈவா ரைஷ் வைத்தியர், பச்சைப் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி இறகு படுகிற மாதிரித் தொடுவதைக் கற்றுக்கொடுத்தவர். உங்கள் எல்ல அம்மா பிள்ளைக்கும் தாய்க்கும் சேர்த்துச் செய்கிறேன் என்பது அநேகமாக இந்த வழியில் வந்ததுதான். எனக்குச் செய்த முறை பீட்டர் லெவினுடையது. ஆபத்தில் ஓட முடியாமல் உறைந்துபோன உடம்பு அந்த ஓட்டத்தை முடிக்கக் காத்துக்கொண்டே இருக்கும் என்பார்.

எல்லோருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். கிளினிக் டொக்டர் என்னிடம் நேராகவே சொன்னார், உலக சுகாதார நிறுவனம் 2013இல் இந்த மாதிரி அதிர்ச்சிக்குப் பரிந்துரைத்தது வேறு இரண்டு முறைகள், சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றுகிற சிகிச்சையும் கண்ணை அசைத்துச் செய்கிற ஈஎம்டிஆரும், இதற்கு ஆய்வு இன்னும் குறைவு என்று. எனக்கு இது உதவியது, அவ்வளவுதான் நான் சொல்லலாம்.

ஆனால் அந்த அக்காவுக்கு முன்னால் வேறொரு இடத்துக்கும் போயிருந்தேன், பேர் வேண்டாம். அங்கே கேட்காமலே நெஞ்சில் கை வைத்து அழுத்தி "விடு, அழு, கத்து" என்றார்கள். கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இரண்டு கிழமை தூங்கவில்லை. அதனால் அக்கா, போவதென்றால் ஒன்றை மட்டும் பாருங்கள்: தொடும் முன் கேட்கிறார்களா, நீங்கள் வேண்டாம் என்றால் முகம் மாறாமல் கையை எடுக்கிறார்களா. பயிற்சி எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மஸ்கெலியா_மச்சான்:

தம்பி, நான் அந்தச் சிரிப்பை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. தங்கச்சி, மன்னித்துவிடுங்கள், உருட்ட வேண்டாம்.

கொழுந்து_மகள்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன், ஒரு தடவை அழுதேன்.

நேற்று அந்த எல்ல அம்மாவுக்குப் போன் பண்ணினேன், கொஸ்லாந்தைத் தம்பி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு. நல்லவராகத்தான் பேசினார், தாயின் மடியில் வைத்துத்தான் பிள்ளையைத் தொடுவேன் என்றார். ஆனால் 4 தடவைக்குள் அழுகை நிற்கும் என்று உறுதியாகச் சொன்னார். கிழமைக்கு ஒரு தடவை என்று 7 கிழமையோடு 4 கிழமை சேர்த்தால் 11, மிஸ்ஸின் கணக்கு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மருத்துவிச்சி செவ்வாய் வந்தார். அந்த 10 கேள்வியையும் கேட்டார். கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார், வியாழன் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார். மாமியாரும் வருகிறாராம், பிள்ளையைத் தூக்க. மழைக்குப் பயம் என்று சொன்னதும் "எனக்கும்தான்" என்றார். 22 வருசமாக அந்த வீட்டில் இருப்பவர், ஒரு நாளும் சொன்னதில்லை.

நெஞ்சில் போட்டுக்கொள்வது நேற்று செய்தேன். கத்தினான்தான், எட்டரைக்கு நின்றான். ஒரு சின்னக் கேள்வி மிஸ், தடவ எந்த எண்ணெய்? இங்கே குளிருக்குத் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடக்கிறது, நல்லெண்ணெய் பரவாயில்லையா?

பழைய_மருத்துவிச்சி:

தேங்காயெண்ணெயே போதும் மகள், கடுகெண்ணெய் மட்டும் வேண்டாம், தோலை எரிக்கும். உறைந்ததை அடுப்பில் காய்ச்சாதீர்கள். கரண்டி நுனியால் கொஞ்சம் தோண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும், அதற்குள் உங்கள் கையும் சூடாகிவிடும். குளிக்க வார்ப்பது பகல் 12 மணிக்கு மேல். வியாழன் கிளினிக் முடிந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.